மேற்கு மலைத் தவளைக்கு வைத்த பெயர்

கிறிஸ்துராஜாவின் வயிற்றெரிச்சலுக்கு எந்த மருந்துக் கடையிலும் மருந்து கிடையாது. அது சாப்பாட்டால் வந்த எரிச்சல் அல்ல, புவனேசனால் வந்த எரிச்சல். புவனேசனுக்கு மலை ஏறத் தெரியும், கிறிஸ்துராஜாவுக்குப் போத்தல் திறக்கத் தெரியும். இருவருக்கும் தொழில் ஒன்றுதான், தவளை. ஆனால் மலை ஏறுகிறவனைத்தானே உலகம் மேடைக்குக் கூப்பிடுகிறது!

இருவரும் லண்டனில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர் கிறிஸ்துராஜா, மலேசியாவின் ஈப்போவில் இருந்து வந்தவன் புவனேசன். படிப்பு முடிந்ததும் புவனேசன் பல்கலைக்கழகமொன்றில் ஒட்டிக்கொண்டு வருடா வருடம் ஆப்பிரிக்கா போய்வந்தான். கிறிஸ்துராஜாவுக்கு இளைப்பு நோய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். செத்த உயிர்களைச் சேர்த்துவைக்கிற நூதனசாலை ஒன்றின் நிலக்கீழ் அறையில், மதுசாரத்தில் மிதக்கும் ஆயிரக்கணக்கான தவளைகளுக்குப் பொறுப்பாளராக உட்கார்ந்துவிட்டார். ஆப்பிரிக்க மலைத்தவளைகளைப் பற்றி யார் எழுதினாலும் அவரிடம் கேட்காமல் எழுத முடியாது. அவரோ ஆப்பிரிக்காவை வரைபடத்தில் மட்டுமே பார்த்தவர்.

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். தாங்க முடியாதது வேறொன்று. கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தவளைக்காவது பெயர் வைத்துவிட்டார்கள். சிலருடைய பெயரையே தவளைகளுக்கு வைத்தும் விட்டார்கள். தன் பெயரைத் தானே வைப்பது அந்தத் தொழிலில் வெட்கக்கேடு, இன்னொருவர் மனம்வைத்து வைக்கவேண்டும். கிறிஸ்துராஜாவின் பெயரை வைக்க இதுவரை ஒருவருக்கும் மனம் வரவில்லை. வீட்டுக்குப் போத்தலைத் துடைக்கிற கையோடு போய், ‘இண்டைக்கு என்ன புதினம்?’ என்று மனைவி கேட்டால், ‘ஒண்டுமில்லை’ என்று சொல்லி அலுத்துப்போன மனிதர் அவர்.

மனைவி மெற்றில்டா ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிறவள். மெல்லிய ஒலிகளைப் போட்டு, யாருக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்ப்பது அவளுடைய வேலை. இந்த வில்லங்கம் முழுவதும் அவளுடைய காதில்தான் தொடங்கியது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மதியம் புவனேசன் மோர்டனில் இருக்கிற அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். ஆப்பிரிக்காவில் இருந்து வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. கறுத்து, மெலிந்து, மலையேறிய மனிதனுக்கு இருக்கவேண்டிய அழகெல்லாம் அவனிடம் இருந்தது. கிறிஸ்துராஜா தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

புவனேசன் கொண்டுவந்தது ஒரு தவளையின் குரல். பெருவிரல் நகத்தளவே உள்ள மண்ணிறத் தவளை அது. ஒரு வறண்ட பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் நிற்கிற இரண்டு மலைகளின் உச்சியில், பாசி படிந்த மூங்கில் காட்டில் மட்டும் வாழ்கிறது. கிழக்கு மலையில் இருப்பதும் மேற்கு மலையில் இருப்பதும் ஒரே இனம் என்று நூறு வருடங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளைக்காரர் எழுதிவைத்துவிட்டார். எல்லாரும் அதையே திருப்பித் திருப்பி எழுதினார்கள், கிறிஸ்துராஜா உட்பட.

மெற்றில்டா சோற்றுச் சட்டியை மேசையில் வைத்துவிட்டு, “எனக்கும் ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோவன்” என்றாள். புவனேசன் காதில் மாட்டுகிற கருவியில் ஒன்றை அவளுக்குக் கொடுத்து மற்றதைத் தான் மாட்டிக்கொண்டான். ஆளுக்கொரு காது. இரண்டு தலைகளும் ஒரு கைப்பேசியின் மேல் குனிந்திருந்தன. கிறிஸ்துராஜாவுக்கு முதல் எரிச்சல் அங்கேயே பற்றியது.

மெற்றில்டா கண்ணை மூடிக் கேட்டாள். இரண்டாம் தரமும் கேட்டாள்.

“இது ரெண்டும் ஒரு ஆளில்லை” என்றாள். “முதல் ஆள் எடுத்த உடன இழுத்துக்கொண்டு போறார். மற்றவர் மூண்டு தரம் சொடக்குப் போட்டிட்டுத்தான் இழுக்கிறார்.”

“என்ன சொல்றீங்க மெற்றில்டா!” புவனேசன் கதிரையில் இருந்து எழும்பிவிட்டான். “நான் மழையில நனைஞ்சு நனைஞ்சு கேட்டேன். எனக்கு அந்தச் சொடக்கு பிடிபடவே இல்லையே. முதல்ல வர்றது கிழக்கு மலை, ரெண்டாவது மேற்கு மலை!”

“குளிர் கூடினால் தவளைகள் மாறிக் கத்தும்” என்றார் கிறிஸ்துராஜா. “அது ஒரு பெரிய விசயமில்லை. கறி ஆறுது, சாப்பிடுவம்.”

சாப்பிட்டார்கள். ஆனால் புவனேசன் சாப்பாட்டு நேரம் முழுவதும் மெற்றில்டாவின் காதைப் பற்றியே பேசினான். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் கிறிஸ்துராஜா அந்தக் காதுக்குத் தோடு வாங்கிக் கொடுத்திருக்கிறாரே தவிர, அதைப் பற்றி ஒரு வார்த்தை புகழ்ந்து பேசியதில்லை. அந்தக் குறை அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. தெரிந்த கோபமும் புவனேசன் மேலேயே போய் விழுந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அடித்தால் மெற்றில்டா பின்வளவுக்குப் போய்விடுவாள். கிறிஸ்துராஜா குசினி யன்னலால் பார்ப்பார். உடுப்புக் காயப்போடுகிற கயிற்றுக்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். “ஆர் எடுத்தது?” என்று கேட்டால், “ஆஸ்பத்திரியில இருந்து” என்பாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் இவ்வளவு பகிடி விடுவார்களா என்ன? ஒருமுறை கைப்பேசி மேசையில் கிடக்கும்போதே வெளிச்சம் வந்தது. புவனேசனின் பெயர்.

அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள், அந்தப் பதில் என்னவாக இருக்குமோ என்ற பயம். கேட்காமல் வைத்துக்கொண்டால் இரவும் பகலும் தானே ஒன்றை யோசித்துக்கொள்ளலாம். பொறாமைக்காரனுக்கு அதுவும் ஒரு சுகம்தான்.

ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே மெற்றில்டா கேட்டாள்: “இஞ்சேருங்கோ, தவளையளுக்கு ஆக்களின்ர பேர் வைப்பினம் என்ன? அப்பிடி வைச்சால் அந்த ஆளுக்குச் சந்தோசமா இருக்குமோ?”

“ஆருக்குச் சந்தோசமில்லாமல் இருக்கும்?” என்றார் அவர்.

அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பும்போது அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு எல்லாம் விளங்கியது போலவும் இருந்தது. புவனேசன் இவளுடைய பெயரைத் தவளைக்கு வைக்கப்போகிறான். இவளும் அதற்குக் காத்துக்கொண்டிருக்கிறாள்! தவளையோடு கிடந்து மாய்கிற புருஷன் ஒரு புழுவுக்குக்கூட அவள் பெயரை வைக்கவில்லை, வந்தவன் வைக்கிறான்.

அந்தச் சந்தேகத்தை உறுதி செய்வது போலவே சித்திரை மாதத்தில் ஓர் ஆய்விதழின் ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. புவனேசன் எழுதிய கட்டுரை இணைக்கப்பட்டிருந்தது. மேற்கு மலைத் தவளை தனி இனம் என்பது அவன் வாதம். அச்சிடலாமா கூடாதா என்று கிறிஸ்துராஜா படித்துச் சொல்லவேண்டும், சொன்னது யார் என்று எழுதினவனுக்குத் தெரியவராது. இந்தத் தவளைகளைத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர், அதில் ஒருவன் கட்டுரையை எழுதியவன். வேறு யாரிடம் அனுப்புவார் அந்த ஆசிரியர்?

கட்டுரையில் புதிய பெயர் வரவேண்டிய இடமெல்லாம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அச்சுக்கு முன்னர் பெயர் வெளியே கசிந்துவிடக் கூடாது என்று பலர் அப்படித்தான் விடுவார்கள், கடைசி நேரத்தில் நிரப்புவார்கள். கிறிஸ்துராஜா அந்த வெற்றிடங்களை எல்லாம் தன் மனத்தாலேயே நிரப்பினார். மெற்றில்டே, மெற்றில்டே, மெற்றில்டே. லத்தீனில் பெண்ணின் பெயரை ‘ஏ’ என்றும் ஆணின் பெயரை ‘இ’ என்றும் முடிக்கவேண்டும். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில், குரலின் வேறுபாட்டை முதலில் கேட்ட காது மெற்றில்டாவுடையது என்று ஒரு வரி வேறு இருந்தது.

அவர் நிலக்கீழ் அறைக்குப் போனார். புவனேசன் சொன்னது பிழை என்று காட்டிவிடவேண்டும் என்றுதான் போனார். இரண்டு மலையிலும் ஒரே தவளைதான் என்றால் புதிய இனமும் இல்லை, புதிய பெயரும் இல்லை, பிரச்சினை முடிந்தது. மேற்கு மலையில் யாரோ ஒரு மிஷன் வைத்தியர் எப்போதோ பிடித்துச் சீட்டுக் கட்டிவைத்த ஆறு தவளைகள் கிழக்கு மலைத் தவளைகளோடு ஒரே போத்தலில் கிடந்தன. அந்தப் போத்தலுக்கு மதுசாரம் குறையக் குறைய ஊற்றி நிரப்பி வந்தவர் அவர்தான். ஒவ்வொன்றாக எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தார்.

பின்னங்கால் விரல்களுக்கு இடையில் உள்ள தோல் கிழக்குத் தவளையில் விரல் நுனிவரை போனது. மேற்குத் தவளையில் பாதியிலேயே நின்றது. ஆறிலும் அப்படித்தான். இந்த வேறுபாட்டைப் புவனேசனும் எழுதவில்லை, அவன் குரலையும் மரபணுவையும் மட்டும் பார்த்திருந்தான். கிறிஸ்துராஜா தன் கையாலேயே இருபது வருடமாகத் தூக்கி வைத்த போத்தலில் ஒரு புதிய இனம் கிடந்திருக்கிறது. பெண்சாதி ஒருதரம் காதால் கேட்டுக் கண்டுபிடித்ததை அவர் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு காணவில்லை. அந்த நேரம் அவருக்கு அழுகை வந்தது உண்மை.

நல்ல மனிதனாக இருந்திருந்தால், ‘புவனேசன் சொல்வது சரி, விரலையும் பார்க்கச் சொல்லுங்கள்’ என்று இரண்டு வரி எழுதி அனுப்பியிருப்பார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அன்றைக்கு அவருடைய கண்ணுக்கு முன்னால் உடுப்புக் கயிற்றுக்குக் கீழே மெற்றில்டா நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தொழிலில் எவன் முதலில் கண்டான் என்று பார்ப்பதில்லை. எவன் முதலில் பெயரோடு அச்சிட்டான் என்றுதான் பார்ப்பார்கள். முந்தினவன் வைத்த பெயரே பெயர். கிறிஸ்துராஜா ஆசிரியருக்கு, ‘வேலை அதிகம், இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும்’ என்று எழுதிவிட்டுப் புவனேசனின் கட்டுரையின் மேல் கோழி போலக் குந்திக்கொண்டார். மறுபக்கம், போத்தலில் இருந்த ஆறு தவளைகளையும் அளந்து, படம் பிடித்து, விரல் தோலைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். இணையத்தில் மட்டும் வருகிற, கெதியாக, சில கிழமைகளிலேயே வெளியிடுகிற இன்னோர் இதழுக்கு அனுப்பினார். பெயர்: மெற்றில்டே.

போத்தல் என்னுடையது, கண் என்னுடையது, பெண்சாதியும் என்னுடையவள் என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னார். அந்தக் கண்ணுக்கு எங்கே பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தது யாருடைய கட்டுரை என்று மனம் திருப்பிக் கேட்டது. களவெடுத்த பொன்னில் செய்தாலும் தாலி தாலிதானே என்று அதன் வாயை அடைத்தார்.

கட்டுரை ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள். மெற்றில்டாவின் அக்கா சிவமலர் வால்தம்ஸ்டோவில் இருந்து காலையிலேயே வந்து, மோர்டனில் எடுத்த மண்டபத்துக்குப் பலூன் கட்டி, புரியாணித் தட்டுகளை அடுக்கி, எல்லாரையும் அதட்டிக்கொண்டு நின்றாள். தேவாலயத்தில் ஞாயிறுப் பூசை முடிந்து ஆட்கள் நேரே மண்டபத்துக்கு வந்தார்கள்.

புவனேசனும் வந்தான். கையில் தங்கநிறத் தாள் சுற்றிய ஒரு படச் சட்டம். வந்ததும் கிறிஸ்துராஜாவுக்குக் கைகொடுத்துவிட்டு நேரே மெற்றில்டாவிடம் போனான். இருவரும் கேக் மேசைக்குப் பக்கத்தில் நின்று குசுகுசுத்தார்கள். அவள் அந்தச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒலிவாங்கி இருந்த பக்கம் கையைக் காட்டினாள். மயில்நிறச் சேலையில் அவள் அவ்வளவு சந்தோசமாக நின்றதை அவர் கண்டு பல காலம். அந்தச் சந்தோசம் அவன் கொண்டுவந்தது என்ற நினைப்பு அவரைப் பிடித்துத் தள்ளியது. புவனேசன் ஓரடி எடுத்து வைப்பதற்குள் கிறிஸ்துராஜா ஒலிவாங்கியைப் பறித்துவிட்டார்.

“எல்லாருக்கும் வணக்கம். மெற்றில்டாவுக்கு நான் ஒரு பரிசு வைச்சிருக்கிறன்” என்றார். “ஆப்பிரிக்காவில ஒரு மலை உச்சியில மட்டும் இருக்கிற ஒரு தவளை. உலகத்தில வேற எங்கையும் இல்லை. அது புது இனம் எண்டு நான் எழுதியிருக்கிறன், முந்தநாள் வந்திருக்கு. அதின்ர பேர் மெற்றில்டே!”

மண்டபம் கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். “தவளையோ!” என்று ஒரு கிழவர் சத்தமாகச் சிரித்தார். கிறிஸ்துராஜா புவனேசனின் முகத்தைத் தேடினார். இத்தனை மாதமும் தான் எரிந்த எரிச்சலை அந்த முகத்தில் ஒருதரம் பார்த்துவிடவேண்டும்.

முகம் வெளிறித்தான் போயிருந்தது. ஆனால் அதில் எரிச்சலைக் காணவில்லை. புவனேசன் கையில் இருந்த சட்டத்தைச் சுவரோடு திருப்பிச் சாய்த்து வைத்தான், ஒரு பிள்ளை பார்க்கக்கூடாத ஒன்றை மறைக்கிறது போல. மெற்றில்டா கைதட்டாமல் நின்றாள்.

ஆட்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கத் தொடங்கியதும் மெற்றில்டா அந்தச் சட்டத்தையும் தூக்கிக்கொண்டு இருவரையும் மண்டபத்துக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

புவனேசன்தான் முதலில் பேசினான். “என் பேப்பர் உன்கிட்டதான் வந்துச்சா, ராஜா?”

கிறிஸ்துராஜா தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாலு மாசமா ஆசிரியர்கிட்டக் கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒருத்தர் இன்னும் படிக்கலைன்னே சொன்னாரு. நீதான்னு நான் நினைக்கவே இல்ல.”

“போத்தல் நூதனசாலையின்ர” என்றார் கிறிஸ்துராஜா. “விரலைப் பாத்தது நான்தான். நீ விரலைப் பாக்கேல்லை.”

மெற்றில்டா சட்டத்தின் தங்கநிறத் தாளைக் கிழித்தாள். உள்ளே மண்ணிறத் தவளை ஒன்றின் ஓவியம். பாசியில் உட்கார்ந்து தொண்டையை ஊதிக்கொண்டிருந்தது. அதன் கீழே சாய்வெழுத்தில் இனப் பெயர், அதன் இரண்டாம் சொல்: கிறிஸ்துராஜி.

“ஒரு வருசமா ஒளிச்சு ஒளிச்சுச் செய்தது” என்றாள். “புவனேசன் முதல் என்ர பேரைத்தான் வைக்கப் போறன் எண்டவர். நான்தான் வேண்டாமெண்டனான். என்ர மனுசன் அவ்வளவு காலமா அந்தப் போத்தலுகளோட கிடந்து மாயிறார், ஒருத்தரும் அவற்ற பேரை வைக்கேல்லை, அவருக்கு வையுங்கோ எண்டு கேட்டனான். இண்டைக்குச் சபையில சொல்ல இருந்தது.”

கிறிஸ்துராஜா படத்தைப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார். அந்த நேரத்திலும் அவருடைய வாயில் வந்தது வேறு ஒன்று.

“அப்ப அவன் முதல் உம்மட பேரைத்தான் வைக்க நினைச்சவனோ?”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று அவருக்கே உறைத்தது. புவனேசன் வேறு பக்கம் பார்த்தான். மெற்றில்டா தன் புருஷனை, இப்போதுதான் அறிமுகமான ஒருவரைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தாள்.

“இவற்ற பேரை இனி வைக்கேலாதோ?” என்று புவனேசனிடம் கேட்டாள்.

“ஒரு தவளைக்கு ரெண்டு பேரு வைக்க முடியாது, மெற்றில்டா. முதல்ல வந்ததுதான் நிக்கும். என்னோடது இனிமே குப்பைதான் லா.” அவன் கோட்டை எடுத்துக்கொண்டான். “தவளைக்குப் பேரு கிடைச்சிருச்சு. நான் கிளம்புறேன்.” கிறிஸ்துராஜாவின் பக்கம் திரும்பாமலே வெளியே போனான்.

மெற்றில்டா படத்தைக் கழுவாத தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்ர பேரைக் கழட்டுங்கோ” என்றாள்.

“ஏலாது.”

“நீங்கள்தானே வைச்சனீங்கள். பிழை விட்டிட்டன் எண்டு எழுதுங்கோ.”

“எழுதலாம். ஆனால் பேர் போகாது. அச்சில வந்தாப் பிறகு வைச்ச ஆளாலயும் எடுக்கேலாது. அதுதான் சட்டம்.” இந்தச் சட்டத்தை அவரளவுக்குத் தெரிந்தவர்கள் லண்டனில் சிலர்தான். வேறு நாளாக இருந்திருந்தால் பெருமையோடு விளக்கியிருப்பார். “பேருக்குப் பக்கத்தில வைச்ச ஆளின்ர பேரும் வரும்.”

“அப்ப ஆர் எப்ப அந்தத் தவளையைப் பற்றி எழுதினாலும், மெற்றில்டே, கிறிஸ்துராஜா எண்டு சேத்து எழுதுவினம்.”

“ஓம்.”

“அது எப்பிடி வந்ததெண்டும் அவைக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அவர் படத்தை எடுத்துத் தட்டுகளின் ஈரம் படாமல் தள்ளி வைத்தார்.

“நான் உங்களுக்குப் பேர் வாங்கித்தரத்தானே பாத்தனான்” என்றாள் மெற்றில்டா. “நீங்கள் உங்கட களவுக்கு என்ர பேரை வைச்சிருக்கிறியள்.”

கதவு தட்டப்பட்டது. சிவமலர் தலையை நீட்டினாள். “மாப்பிள்ளையும் பொம்பிளையும் குசினிக்குள்ள என்ன செய்யிறியள்? சனம் காத்துக்கொண்டு நிக்குது, வந்து கேக்கை வெட்டுங்கோ. எடியே, நீ குடுத்து வைச்சவளடி மெற்றில்டா. என்ர மனுசன் எனக்கு ஒரு நுளம்புக்குக்கூடப் பேர் வைக்கேல்லை!”

மெற்றில்டா முகத்தைக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கிறிஸ்துராஜா பின்னால் போனார். எல்லாரும் கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். “கையைச் சேத்துப் பிடியுங்கோ” என்று சிவமலர் கத்தினாள். மெற்றில்டா கத்தியைப் பிடித்தாள், அவர் அவளுடைய கைக்கு மேல் தன் கையை வைத்தார். படங்கள் எடுத்தார்கள், பாட்டுப் பாடினார்கள். கத்தி கேக்கின் பாதிவரை இறங்கியபோது அவருக்குத் தெரிந்தது, கத்தியை அவர் ஒருவர்தான் அழுத்திக்கொண்டிருந்தார்.